ஊரடங்குக்கு எவ்வளவு நேரம் முன்பு சொல்ல வேண்டும்?

வேலூரில் பொது நிர்வாகம் படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குச் சொல்லி, 12 மணிக்கே நாடு முழுவதும் ஊரடங்கு வந்துவிட்டது. நான்கு மணி நேரம் எப்படிப் போதும்? நான்கு நாள் கொடுத்திருந்தால் அத்தனை பேர் தவித்திருக்க மாட்டார்கள் இல்லையா? இனி ஒரு கொள்ளைநோய் வந்தால் எவ்வளவு அவகாசம் கொடுப்பது சரி?”

கொரோனா பரவிய 2020, 2021 இரண்டு வருடமும் நான் வருவாய்த்துறையில் வேலூரில்தான் பணியில் இருந்தேன். பாஸ் கேட்டு வந்தவர்கள், கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தவர்கள், லாட்ஜ் லாட்ஜாகப் போய்ப் பட்டியல் எடுத்தபோது பார்த்தவர்கள் என்று பலருடைய முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நான்கு மணி நேரம் என்பது தில்லியிலிருந்து பார்த்தால் சரி. நம் ஊரில் நடந்த வரிசை வேறு. மார்ச் 19 இரவு பிரதமர் பேசி, 22 ஞாயிற்றுக்கிழமை காலை 7 முதல் இரவு 9 வரை மக்கள் ஊரடங்கு என்றார். அதற்கு இரண்டரை நாள் அவகாசம் இருந்தது. அந்த ஞாயிறு முடிவதற்குள் தமிழ்நாடு அரசு அதை மறுநாள் காலை 5 மணி வரை நீட்டியது. 23 திங்கட்கிழமை சட்டமன்றத்தில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, 24 மாலை 6 மணியிலிருந்து மார்ச் இறுதி வரை மாநிலம் முழுக்க 144 தடை என்று அறிவித்தார். ஆக, பிரதமர் இரவு 8 மணிக்குத் தொலைக்காட்சியில் வந்தபோது தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பேருந்து நின்று இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நமக்குக் கிடைத்த அவகாசம் ஒரு நாளும் சில மணி நேரமும்.

அந்த ஒரு நாளை எதற்குப் பயன்படுத்தினோம்? சென்னையில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் கோயம்பேட்டில் முண்டியடித்து பஸ் ஏறினார்கள். இங்கே மண்டித் தெருவிலும் லாங்கு பஜாரிலும் கால் வைக்க இடமில்லை. அன்று ஒரு மளிகைக் கடை வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றேன். ஓர் அம்மா துண்டுச் சீட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்: துவரம்பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், புளி கால் கிலோ. பின்னால் நின்றவர், “இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கோங்கம்மா” என்றார். “ஒரு வாரம்தானேப்பா, 31 வரைக்கும்தானே” என்று பதில் வந்தது. மறுநாள் இரவு அந்த ஒரு வாரம் 21 நாளாகிவிட்டது. அதன்பின் அது ஏப்ரல் 30, மே 3 என்று நீண்டுகொண்டே போனது உங்களுக்கே தெரியும்.

இது யாரும் பெரிதாகப் பேசாத விஷயம். எப்போது தொடங்கும் என்பதற்குக் கொடுக்கும் அவகாசத்தைப் பற்றித்தான் எல்லோரும் வாதாடுகிறோம். எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதும் அறிவிப்பில் பாதி. ஒரு வாரம் என்று நம்பி மூன்று சட்டையோடு மாமியார் வீட்டுக்குப் போனவர், ஒரு வாரத்துக்கான சர்க்கரை மாத்திரை மட்டும் வாங்கிய பெரியவர், கடையில் சரக்கை அப்படியே விட்டுப் பூட்டியவர், இவர்கள் யாருக்கும் கூடுதலாக நான்கு மணி நேரம் கொடுத்திருந்தாலும் உதவியிருக்காது. “இப்போதைக்கு ஒரு வாரம், ஆனால் ஒரு மாதம் வரை போகலாம், அதற்கேற்பத் தயாராகுங்கள்” என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் உதவியிருக்கும்.

வேலூருக்கு உண்மையில் அடி விழுந்தது 24ஆம் தேதி இரவில் இல்லை. 22ஆம் தேதி பகலிலேயே விழுந்துவிட்டது. அன்றுதான் ரயில்வே, நாடு முழுக்கப் பயணிகள் ரயில்களை மார்ச் 31 வரை ரத்து செய்தது. அன்று அதிகாலை 4 மணிக்கு முன்பே கிளம்பிய ரயில்கள் மட்டும் போய்ச் சேரலாம் என்றார்கள். அறிவிப்பு நம் காதுக்கு வந்தபோது, அந்த நேரம் ஏற்கெனவே கடந்து போயிருந்தது. அவகாசம் நான்கு மணி நேரம்கூட இல்லை, பூஜ்யத்துக்கும் கீழே.

இது வேலூரை ஏன் மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தாக்கியது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், வங்கதேசம் வரையிலிருந்து வைத்தியத்துக்காக இங்கே வருகிறார்கள். காட்பாடியில் இறங்கி, காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் லாட்ஜ் எடுத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குவார்கள். கடைகளில் கடுகெண்ணெய் கிடைக்கும், பெயர்ப்பலகை வங்காளத்திலும் இருக்கும்.

மார்ச் கடைசியில் பட்டியல் எடுக்கப் போனபோது ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் ஒருவரைப் பார்த்தேன். மேற்கு வங்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. மருத்துவமனை ஃபைலைத் திறந்து, எக்ஸ்ரே கவருக்கு நடுவே பத்திரமாக மடித்து வைத்திருந்த ரயில் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். மார்ச் 23 தேதி போட்டிருந்தது. “ஸார், கன்ஃபர்ம் டிக்கெட்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டிக்கெட் உறுதியானது என்று சொன்னால் நான் ரயிலை ஓட்டிவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாகக் கையில் இருந்த பணத்தைக் கட்டிலின் மேல் வைத்து எண்ணிக் காட்டினார். பத்து நாளைக்கு வரும். அவர்களுக்கு ரயில் கிடைத்தது மே மாதத்தில். காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கியது அப்போதுதான்.

இப்படிப்பட்டவர்களுக்காக இரண்டு நாள் ரயிலை ஓட விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவகாசம் கொடுப்பதை அரசுகள் ஏன் அஞ்சுகின்றன என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

அன்று பரவிய கொரோனா தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரை. அதற்கு முன்பே அவர் மற்றவருக்குப் பரப்ப முடியும். மார்ச் 24 அன்று இந்தியாவில் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 500 பேர். எண்ணிக்கை இரட்டிப்பாக மூன்று, நான்கு நாள்தான் ஆனது. அப்படியானால் நான்கு நாள் அவகாசம் என்பது தொற்று இரண்டு மடங்காக விடும் அவகாசமும்தான். அதோடு, அந்த நான்கு நாளும் மக்கள் வழக்கம்போல் இருக்க மாட்டார்கள். வழக்கத்தைவிடப் பத்து மடங்கு நெருக்கியடிப்பார்கள், அதுவும் மூடிய ரயில் பெட்டிக்குள்.

வெளிநாடுகளில் இது கண்ணெதிரே நடந்தது. சீனாவின் வூகானில் 2020 ஜனவரி 23 அதிகாலை 2 மணி வாக்கில் அறிவித்து, காலை 10 மணிக்கு நகரை மூடினார்கள். சீனப் புத்தாண்டு நேரம் என்பதால் அதற்குள் 50 லட்சம் பேர் வெளியே போயிருந்ததாக அந்நகர மேயரே சொன்னார். இத்தாலியில் மார்ச் 7 இரவு, வடக்கு மாகாணங்களை மூடும் ஆணையின் வரைவு முன்கூட்டியே கசிந்துவிட்டது. மிலான் ரயில் நிலையத்தில் மக்கள் பெட்டியோடு ஓடினார்கள், தெற்கே போகும் ரயில்கள் நிரம்பின. இரண்டே நாளில் முழு நாட்டையும் மூட வேண்டி வந்தது. பிரான்சில் மார்ச் 16 இரவு அதிபர் பேசி மறுநாள் நண்பகலில் அமலானது. அந்தப் பதினாறு மணி நேரத்தில் பாரிஸ்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கிராமங்களுக்குக் கிளம்பினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் சென்னையிலேயே பார்த்தோம். 2020 ஜூன் 15 அன்று, சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் 19ஆம் தேதி முதல் 30 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நீங்கள் கேட்கும் அதே நான்கு நாள் அவகாசம். என்ன ஆனது? பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டின. எங்கள் பக்கம் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டால், பாதிப் பேரிடம் இ-பாஸ் இல்லை. பைக்கில் மனைவி, குழந்தை, முன்னால் ஒரு கேஸ் அடுப்பு. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு நாள் வருமானம் இல்லாமல் சென்னையில் வாடகை கொடுக்க முடியாது, ஊரில் அரிசியாவது இருக்கும். ஆனால் தொற்று அதிகமாக இருந்த இடத்திலிருந்து குறைவாக இருந்த இடத்துக்கு அவர்கள் வந்தார்கள் என்பதும் உண்மை.

(இ-பாஸ் ஏதோ புதிது என்று நினைக்க வேண்டாம். 1897 கொள்ளைநோய்ச் சட்டம் பம்பாய் பிளேக்கின்போது வந்தது. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில், பிளேக் பரவிய ஊரிலிருந்து வருபவர் கையில் பிளேக் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள்.)

சரி, அப்படியானால் அவகாசமே கூடாதா? அதுவும் இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி காலை முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு, சேலத்திலும் திருப்பூரிலும் மூன்று நாள் என்று அறிவித்தார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு நாள், 25 சனிக்கிழமை. கடைகள் திறக்க அனுமதித்த நேரமும் குறைவு. ஒரு கோடி பேர் ஒரே காலைப் பொழுதில் காய்கறிக்கு ஓடினால் சமூக இடைவெளி எங்கே வரும்? நோயைத் தடுக்க விதித்த ஊரடங்கே கூட்டத்தைக் கூட்டியது.

2021இல் இதிலிருந்து கொஞ்சம் பாடம் கற்றார்கள் என்றே சொல்வேன். மே 7 பதவியேற்ற அரசு, மறுநாளே முழு ஊரடங்கை அறிவித்தது. 10ஆம் தேதி அதிகாலை 4 மணி முதல் 24 வரை. அதோடு நிற்கவில்லை. அதுவரை மதியம் 12 மணியோடு மூடிக்கொண்டிருந்த மளிகைக் கடைகளையும் சேர்த்து, எல்லாக் கடைகளும் 8, 9 இரண்டு நாளும் காலை 6 முதல் இரவு 9 வரை திறக்கலாம் என்றார்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அவகாசத்தை நாள் கணக்கில் பார்க்காமல் கடை திறந்திருக்கும் மணிக்கணக்கில் பாருங்கள். ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்குள் வர வேண்டிய கூட்டத்தை, இரண்டு நாளில் முப்பது மணி நேரத்துக்குப் பரப்பினால் வரிசை ஐந்தில் ஒன்றாகும். வேலூரில் அந்த இரண்டு நாள் கூட்டம் இருந்தது, ஆனால் முந்தைய ஆண்டின் தள்ளுமுள்ளு இல்லை. பிறகு மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு வந்தபோது காய்கறி, பழங்களை வண்டியில் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். கடைக்குப் போக வேண்டியதில்லை என்று மக்கள் நம்பினால் முன்கூட்டி வாங்கும் பதற்றமும் குறையும். டாஸ்மாக் கடைகளையும் அந்த மே 8, 9 தேதிகளில் திறந்து வைத்ததும், ஒரே நாளில் 400 கோடிக்கு மேல் விற்றதும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை இதோடு சேர்த்துப் பாராட்ட மாட்டேன்.

இன்னொன்று, எல்லாத் தொழிலுக்கும் ஒரே கடிகாரம் ஓடுவதில்லை. நம் பழைய வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி முழுக்கத் தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். உப்பு போட்ட தோல் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் ஒருமுறை தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது. ஊறல், சுண்ணாம்பு, முடி நீக்கம், சதை சீவல், டிரம்மில் குரோம் ஏற்றுவது என்று வெட் புளூ (குரோம் ஏறி நீலமான ஈரத் தோல்) நிலைக்குக் கொண்டுவந்தால்தான் மறுபடி தாங்கும். அதற்கு நான்கைந்து நாள் வேண்டும். நடுவில் ஆள் வராமல் போனால் அத்தனையும் அழுகும். 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் தோல் ஷாப் வைத்திருக்கும் பாய் ஒருவர் பாஸ் கேட்டு வந்தார். “ஸார், எனக்கு ஷாப் திறக்க வேணாம். டிரம்மைச் சுத்தவிட எட்டு ஆளுக்கு அனுமதி கொடுங்க, போதும்” என்றார். உள்ளே நடுநிலையில் கிடந்த தோலின் படத்தை செல்போனில் காட்டினார். அனுமதி வாங்கிக் கொடுக்க நான்கு நாள் ஆனது. தவறு எங்கள் பக்கம்தான். தொடங்கிய வேலையை முடித்து மூடலாம் என்று முதல் ஆணையிலேயே ஒரு வரி இருந்திருந்தால் அவர் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.

இலவம்பாடி முள்கத்திரிக்காய் போட்டவருக்கு நாலு நாளும் போதாது, நாற்பது நாளும் போதாது. செடி காய்த்துக்கொண்டே இருக்கும், பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்குத் தேவை முன்னறிவிப்பு அல்ல, சந்தை எங்கே நடக்கும் என்ற தகவல். வேலூர் காய்கறிச் சந்தையான நேதாஜி மார்க்கெட்டை மூடும் அதே ஆணையில் மாற்று இடத்தைச் சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் போய்ப் பாருங்கள். இலையும் தூளும் வாங்கி வந்து, சுற்றிக் கொடுத்து, வாரக் கூலி வாங்குபவர்கள். அவர்களுக்கு நான்கு நாள் முன்பே சொன்னால் என்ன செய்வார்கள்? கையில் காசு இருந்தால்தான் அவகாசம் பயன்படும். பணம் உள்ளவர் மூன்று மாத மளிகையை டிக்கியில் ஏற்றிக்கொண்டு போவார், இவர்கள் காலியாகும் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகையால் நிவாரணப் பணமும் ரேஷனும் ஊரடங்கு தொடங்கும் முன் கைக்கு வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 2020இல் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் என்று மார்ச் 24 அன்றே அறிவித்தார்கள், நல்ல விஷயம். ஆனால் டோக்கன் போட்டுக் கொடுக்கத் தொடங்கியது ஏப்ரல் 2. நடுவில் இருந்த ஒன்பது நாளில் எத்தனை வீடுகளில் வட்டிக்கு வாங்கியிருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் நீங்கள் கேட்கலாம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலோ, 1897 கொள்ளைநோய்ச் சட்டத்திலோ இத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும் என்று எதுவும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில், அவசர நிலையில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஆணை போடலாம். 2024 ஜூலையிலிருந்து அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163ஆம் பிரிவாகியிருக்கிறது, உள்ளடக்கம் கிட்டத்தட்ட அதேதான். ஆக, இது முழுக்க ஆட்சியாளரின் விவேகத்தில் விடப்பட்டிருக்கிறது.

சொல்லும் விதத்தைப் பற்றியும் கொஞ்சம். முன்பெல்லாம் கிராமத்தில் தண்டோரா போடுவார்கள். சாதி இழிவோடு பிணைந்த வேலை என்பதால் 2022இல் தமிழ்நாடு அரசு அதை நிறுத்தச் சொன்னது, மிகச் சரியான முடிவு. 2020இல் நாங்கள் மைக் கட்டிய ஆட்டோவைத்தான் நம்பினோம். அதில் ஓடியது தமிழ் மட்டும். லாட்ஜ் பகுதியில் வங்காளமும் இந்தியும் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே ஒரு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் ஊரிலிருந்து வந்த வாட்ஸாப் செய்திகளை வைத்து என்னென்னவோ நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பே இல்லாமல் செய்வதற்கும் நம் மாவட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில் ஆந்திர எல்லையில், குடியாத்தத்தைத் தாண்டி சைனகுண்டாவிலும், பொன்னை அருகிலும், சாலைக்குக் குறுக்கே சுவரே எழுப்பிவிட்டார்கள். சித்தூர் பக்கத்து அதிகாரிகளுக்கே முன்தகவல் இல்லை. ஓரிரு நாளில் இடித்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம், இந்தப் பக்கம் வீடு என்று வாழ்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் காலையில் எழுந்து பார்த்த காட்சியை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக நியூசிலாந்து செய்ததைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 21 அன்று, நோய் இன்னும் பெரிதாகப் பரவாத நிலையிலேயே, அபாயத்தை நான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் எது திறக்கும், எது மூடும் என்று மக்களிடம் சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளில் அடுத்த நிலை, அதற்கு 48 மணி நேரத்துக்குப் பின் நான்காம் நிலை. 2021 ஆகஸ்ட் 17இல் ஒரே ஒரு நோயாளி தென்பட்டதும் மாலை 6 மணிக்கு அறிவித்து, நள்ளிரவுக்குள் நாட்டையே மூடினார்கள். நம்முடைய நான்கு மணி நேரத்தைவிட அவர்களுடையது இரண்டு மணி நேரம்தான் அதிகம். ஆனால் நான்காம் நிலை என்றால் என்ன என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. சின்ன நாடு, தீவு, பணமும் இருக்கிறது, எல்லாம் சரி. நிலைகளை முன்பே எழுதி வைப்பதற்குப் பணம் தேவையில்லையே.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு என் பதிலை எண்ணாகவே தருகிறேன். ரயில், வெளியூர் பஸ் நிற்பதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் அவகாசம் தர வேண்டாம். ஆனால் நிறுத்திய மூன்றாம் நாளிலிருந்து, பரிசோதித்துப் பதிவு செய்து, சிக்கியவர்களை அனுப்பச் சிறப்பு ரயில் விட வேண்டும். அதற்காக மே வரை காத்திருக்கக் கூடாது. ஊருக்குள் கடைகளுக்கு இரண்டு முழு நாள், கடை நேரத்தைக் கூட்டி. தொழிற்சாலைகளுக்குத் தொடங்கிய வேலையை முடிக்க ஐந்து நாள், குறைந்த ஆட்களோடு. ரேஷனும் பணமும் முதல் நாளுக்கு முந்தைய நாள். இது அத்தனையும் ஒரே ஆணையில், எவ்வளவு காலம் நீளக்கூடும் என்ற வாக்கியத்தோடு, மாவட்டத்தில் பேசப்படும் எல்லா மொழியிலும்.

வேலூருக்கு மட்டும் இன்னொன்று. எந்த லாட்ஜில் எந்த மாநிலத்து நோயாளி, துணைக்கு எத்தனை பேர், எப்போது ஊர் திரும்ப வேண்டியவர் என்ற பட்டியலை நாங்கள் ஊரடங்கு வந்தபிறகு படியேறிப் படியேறி எடுத்தோம். லாட்ஜ்களில் வருகைப் பதிவேடு எப்போதும் இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை தாலுகா அலுவலகத்துக்கு வரும்படி செய்துவிட்டால், அடுத்த முறை 22ஆம் தேதி ரயில் நின்றால் 25ஆம் தேதி காட்பாடி பிளாட்பாரத்தில் யாரை முதலில் ஏற்றுவது என்று அன்று காலையே தெரிந்திருக்கும்.